கேமரா போட்ட தப்புத் தேதி

வேதா,

ஆறேகால் ட்ரெயினுக்கு ஓடுகிறேன். உப்புமா மூடி வைத்திருக்கிறேன். உன் தம்பி மணவாளனுக்கு ஸ்பூன் போட்டுக் கொடு, இடது கைக்கு அதுதான் வசதி. அவனாகக் கேட்கும்படி வைக்காதே.

பதினொரு மணிக்குப் பொன்னேரி வக்கீல் குமாஸ்தா வருவார். டிவி மேல் இருக்கும், படங்கள் போட்ட இரண்டு சிடியையும் கொடு. "நீங்களே தேதிய மாத்திக்கினு கீறீங்களே, கம்பெனிக்காரன் இத வச்சே தம்பி கேச ஒடச்சிட மாட்டானா?" என்று நேற்று கேட்டாய். நான் கத்தியிருக்கக் கூடாது. நீ கேட்டது சரி. அதனால் ஒரு சிடியில் கேமரா போட்ட தப்புத் தேதியை அப்படியே விட்டிருக்கிறேன். இன்னொன்றில் இருப்பதுதான் நான் எழுதிய புரோகிராம் திருத்தியது. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு நாளைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் அதை மறுபடி ஓட்டிவிடாதே, தேதி இன்னும் தள்ளிப்போகும்.

விபத்துக்கு மூன்று நாள் முன்பு கம்பெனி கிரேன் செயினில் விரிசலைப் படம் எடுத்தேனே, அதற்கு முந்தின படம் பாப்பாவின் முதல் பிறந்தநாள். பேட்டரி மாற்றியதில் கேமரா அதற்கு 2003 என்று போட்டிருக்கிறது. நமக்குக் கல்யாணமே 2004-இல்தான்! இதைக் குமாஸ்தாவிடம் மறக்காமல் சொல். பாப்பாவின் பர்த் சர்டிபிகேட்டையும் காட்டு; அதிலிருக்கும் தேதியை வைத்துத்தான் கேமரா எத்தனை நாள் பின்தங்கியது என்று கணக்குப் போட்டேன்.

படம் எடுத்தது நான்தான் என்று இனி கம்பெனிக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் கொடுத்துவிடு.

தணிகா

பி.கு: பிறந்தநாள் படத்தை மணவாளன் எதிரில் திறக்காதே. அதில் அவன் பாப்பாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறான்.