பிண்டச் சோறு தின்ற கெண்டைகள்

வண்ணார்பேட்டை,
அக்டோபர் 2

அன்புள்ள ஸ்னேகா,

பெர்கனில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. ஒன்பதாம் தேதி நீ அங்கே மாநாட்டில் நம் ஆற்று மீன்களைப் பற்றிப் பேசப்போகிறாய் என்று சிவசண்முகம் சார் ஆய்வகம் முழுக்க இனிப்பு கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். தின்னவில்லை.

மீன் நல்ல உடம்போடு இருக்கிறதா என்று எப்படி அளப்பது என நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடலாம் என்றாய். வயிற்றைத் திறந்து, குடலை நீக்கித்தான் நிறுக்க வேண்டும் என்றேன் நான். “கொல்லாம அளக்கிறதுதான் அழகு, ஸமீஹா” என்று சார் உன் பக்கம் சாய்ந்தார். அந்த முறைதான் உன்னை அங்கே கொண்டுபோனது.

உன் அளவில் குறை தேடித்தான் ஆவணியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். வேறு காரணம் சொன்னால் பொய். ஊர்க் கழிவுநீர் வந்து கலக்கும், நீ வலை போட்ட அதே படித்துறையில் கெண்டைகள் உன் கணக்கைவிட இளைத்திருந்தன. அங்கே மீன் விற்கும் அன்னத்தாய் அக்கா என் தராசைப் பார்த்துச் சிரித்தாள். “அந்தப் பிள்ளை அமாவாசைக்கு அமாவாசைல்லா வந்து நிறுத்துச்சு. பிண்டச் சோறு தின்ன மீனு கனக்காம என்ன செய்யும்? நீ வெறும் நாள்ல வந்து நிக்கியே!”

உன் அளவுக் குறிப்பில் தேதிகளைப் பார்த்தேன். தை, ஆடி, புரட்டாசி. உன் அப்பா தர்ப்பணத்துக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நீயும் கூட வந்திருக்கிறாய். இந்த மகாளய அமாவாசையன்று நாற்பது கெண்டைகளைப் பிடித்து வயிற்றைத் திறந்தேன். எல்லாவற்றிலும் சோறு, சிலவற்றில் எள். அதை நீக்கி நிறுத்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கழிவுநீர் கலக்கும் இடத்திலும் மீன்கள் செழிப்பாகத்தான் இருக்கின்றன என்ற உன் முடிவு நிற்காது.

இது எனக்குத் தெரிந்து பதினோரு நாள் ஆகிறது. மேடையில் யாராவது கேட்கட்டும், நீ விழிக்கட்டும் என்று இருந்தேன். ஐந்தாறு நாள் அது இனித்தது. அப்புறம், உன் பேச்சைக் காட்டி அந்தக் கழிவுநீரை அப்படியே விட்டுவிடுவார்களே என்று தோன்றியது. அதற்கு நானும் உடந்தை.

நாற்பது மீன்களின் அளவுகளையும் இணைத்திருக்கிறேன். ஒன்பதாம் தேதிக்குள் திருத்திவிடு. சாரிடம் நான் சொல்லவில்லை, நீயே சொல். என் பெயரை நன்றி சொல்லும் இடத்தில் போடாதே. உன் பெயருக்குப் பக்கத்தில் போடு.

நீ நன்றாகப் பேச வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்கிறேன். மூன்று நாளாக இந்த ஒரு வரியைத்தான் எழுத முடியாமல் இருந்தேன்.

உன்,
ஸமீஹா