பயந்து நேர்ந்தது

அத்தான்,

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை முடித்து வந்த மகனின் சட்டையை இன்று ஊற வைத்தேன். உப்புக்காற்றும் கிரீஸும் கலந்த நெடி. உங்கள் சட்டைகளில் ஆரியசாலை மளிகைக் கடையின் மிளகாய் வற்றல் நெடிதான் இருக்கும். தும்மிக்கொண்டே துவைப்பேன், துவைத்துக்கொண்டே உங்களைத் திட்டுவேன். இன்று தும்மல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவன் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் துவண்டு கிடந்தபோது, பிழைத்தால் போதகர் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று கர்த்தரிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்தான். வளர்ந்ததும் அவனுக்குக் கிரேன் மேல்தான் ஆசை. துறைமுகத்தில் வேலை கிடைத்த அன்று, சொன்னதைத் தராவிட்டால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வாரே என்று புலம்பினேன். நீங்கள் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து கேட்டீர்கள்.

“ஏட்டி, சின்னதுல இவன் என் மொபைலத் தண்ணி வாளியில போட்டுட்டு, ‘அப்பா, இனி ஐஸ்கிரீமே கேக்க மாட்டேன்’னு அழுதாம்லா? அத நான் புடிச்சு வச்சுக்கிட்டா இருந்தேன்?”

இல்லை. அன்று சாயங்காலமே அவனைத் தோளில் தூக்கிப்போய் வாங்கிக் கொடுத்தீர்கள்.

“பயந்து சொன்னதக் குடுன்னு அப்பன் கேக்க மாட்டான், கேட்டியா. பயந்த பிள்ளையத்தான் பாப்பான்.”

அவன் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. அடக்கம் முடிந்ததும் உங்கள் தங்கை ஆறுதல் சொல்ல வந்தாள். அவள் ஆறுதல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

“நேர்ந்ததக் குடுக்கலல்லா மைனி. பிள்ளைக்குப் பதிலா அண்ணன எடுத்துட்டார்.”

அது எனக்குள் இறங்கிவிட்டது. சர்ச்சுக்குப் போகக் கால் வரவில்லை. மகன் பைக்கை எடுத்தால் மட்டும் முழங்காலில் நின்று, இவனையாவது விட்டுவையும் என்று கெஞ்சுவேன். அதை ஜெபம் என்று எப்படிச் சொல்வது? ஒரு போக்கிரியிடம் கெஞ்சுவதுபோலத்தான் கெஞ்சினேன்.

ஒருநாள் அப்படிக் கெஞ்சும்போதே கோபம் வந்துவிட்டது. பிள்ளை பயத்தில் உளறியதைப் பிடித்து வைக்கத் தெரியாத மனுஷன் நீங்கள். அந்த மனசை உங்களுக்குக் கொடுத்தவர் அதைவிடச் சின்ன மனசுக்காரரா? நான் பயந்து சொன்ன ஒரு சொல்லுக்காக உங்களைப் பறித்திருப்பாரா? உங்கள் தங்கை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் நம்பவில்லை. உங்களை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கோபத்தில் எடுக்கவில்லை என்பது தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். மகனுக்காக ஒன்றும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். கீர்த்தனையில் நீங்கள் மட்டும் எப்போதும் ஓர் அடி முந்திப் பாடுவீர்களே, அதைச் சொல்லிக் கர்த்தரிடம் சிரித்தேன். உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவரை விட்டால் உங்களை என்னளவு நேசித்தவர் வேறு யார் இருக்கிறார்கள் அத்தான், நான் போய்ப் பேசுவதற்கு?