தெற்கே விழுந்த குச்சி

சின்னாளபட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள ஹரிணி அப்பாவுக்கு, கௌசல்யா எழுதுவது. இங்கு நான் நலம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மொட்டைமாடித் துணிக்கொடியை இரண்டடி மேற்கே தள்ளிக் கட்டுவது என்று, வீட்டிலிருக்கும் நம் குடும்பத்தார் அனைவரும் கூடி ஒருமனதாக முடிவெடுத்தோம். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான் என்பதால் விவாதம் நீளவில்லை. முடிவு அன்று மாலையே அமலுக்கு வந்தது.

காரணம், நம் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய பூக்குச்சி என்ற விளையாட்டுச் சாமான். கைக்கு ஒன்றாக இரண்டு குச்சி. மூன்றாவதன் இரு முனையிலும் பூப்போலக் குஞ்சம். அதைக் கையால் தொடாமல், மற்ற இரண்டாலும் தட்டித் தட்டி அந்தரத்திலேயே வைத்திருக்க வேண்டும். குஞ்சம் கொடியில் சிக்கிக்கொண்டே இருந்தது, நகர்த்தினேன். அதுவரை காயும் சேலைகள் என்னை மறைத்திருந்தன. கொடி நகர்ந்ததும் குச்சிக்கு இடம் கிடைத்தது. தெருவுக்கு நான் கிடைத்தேன்.

உங்கள் தம்பி ராமர், "அம்பத்தாறு வயசுல என்ன மதினி ஆட்டம், தெருவே சிரிக்குது" என்றார். உங்களுக்கும் சொன்னார். நீங்கள் போனில், குச்சியைப் பரணில் போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

போன வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, முடியை விரித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஜக்கம்மாள் எலுமிச்சம்பழத்தோடு மாடியேறி வந்து, "ஆத்தா, எம் மகளுக்கு எப்ப வரன் அமையும், சொல்லு" என்று கும்பிட்டாள். திடுக்கிட்டதில் குச்சி தவறித் தெற்குப் பக்கம் விழுந்தது. இது சாமியில்லை, விளையாட்டு என்றேன். "எந்தச் சாமி தன்னைச் சாமின்னு ஒத்துக்கிட்டிருக்கு? தெக்கேன்னு காட்டிட்டியே, அம்புட்டுப் போதும்" என்று விபூதி கேட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது முகப்பவுடர்தான், கொடுக்கவில்லை.

மறுநாள் உங்கள் தம்பி தேங்காய் பழத் தட்டோடு, தெருவிலேயே வெறுங்காலில் நடந்து வந்தார். "சாமின்னே இருக்கட்டும் மதினி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. அண்ணனுக்கும் கௌரவம்" என்றார். நீங்களும் அதுவே நல்லது என்று நேற்றுச் சொன்னீர்கள்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தோள் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் சொந்தமாகச் சடை பின்ன முடியாமல் கிடந்தேன். எந்தச் சாமியும் இறங்கி வந்து பின்னிவிடவில்லை. இப்போது கை தலைக்குமேல் போகிறது. குச்சி அந்தரத்தில் இருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடிவதில்லை, உங்கள் தம்பியைக்கூட. இரவில் தூக்கம் வருகிறது. இந்த நன்மை ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆடுவேன். பிடித்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து, "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று நான் சொன்ன முதல் சங்கதி இது. அதையும் ஆத்தா பேருக்கு மாற்றிக் கொடுக்கச் சம்மதமில்லை. ஜக்கம்மாளிடமும் தெருவிடமும் இதையே சொல்லிவருகிறேன். அப்படியும் வந்து சேர்ந்த எலுமிச்சம்பழங்களை ஊறுகாய் போட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது ஒருமுறை மாடிக்கு வாருங்கள். உங்கள் கழுத்துவலிக்கும் நல்லது. கொடியை மட்டும் தொட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சாமி வராத
கௌசல்யா.

பி.கு.: ஜக்கம்மாள் மகளுக்கு இன்று காலை, தெற்கே நிலக்கோட்டையிலிருந்து வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.