மூன்று இடத்தில் மட்டும் தார்

என்னவளுக்கு,

முதுகுத் தையல் இன்னும் வலிக்கிறதா?

போன வாரம் நம் சாலை சோதனையில் பாஸாகிவிட்டது. மூன்று கிலோமீட்டர் சாலைக்கு நகராட்சி கொடுத்தது ஒரு கிலோமீட்டருக்கான தார். பவுடர் பூசுவதுபோல் பூசினோம். தாரின் தடிமனைத் துளை போட்டுப் பார்ப்பார்கள் என்று மூன்று இடங்களில் மட்டும் கனமாகக் கொட்டி, நானே சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்தேன். மேலதிகாரி வெட்கமே இல்லாமல் வட்டத்துக்குள்ளேயே துளை போடச் சொன்னார்.

"இருக்கிறத வச்சே சமாளிச்சிட்டீங்களே, இன்ஜினியர்!" என்று தோளில் தட்டினார். நானும் பல்லைக் காட்டினேன். த்தூ!

நேற்று பெய்த ஒரே மழையில் இப்போது ஜல்லி பல்லைக் காட்டுகிறது.

நாளை உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரும் ஆட்டோக்காரரிடம், பழைய மண்பாதையில் சுற்றி வரச் சொன்னேன்.

"புது ரோடுதான் இருக்கே, சார்?"

"அத நான்தான் போட்டேன். நீங்க சுத்தியே வாங்க."

உன் வீட்டுக்காரன்