கரட்டுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

களக் குறிப்பேடு. எழுதுபவர்: தமயந்தி, நிலவியலாளர், சுரங்கப்பாதை ஆய்வுக் குழு.

ஞாயிறு, காலை 11.10 – கரட்டின் மேற்குச் சரிவு

மூன்றாவது அதிர்வுமானி பொருத்தியாயிற்று. பேட்டரி 80 சதவீதம். வெப்பம் 39 டிகிரி. ஞாயிற்றுக்கிழமையும் என்னை மலையேற வைத்த மகராசர்கள் நன்றாக இருக்கட்டும்.

அளவீட்டில் ஒரு கோளாறு. கரடு என்கிற இந்தச் சிறு பாறைக்குன்றின் மொத்த அகலமே நானூறு மீட்டர். உள்ளே ஒன்பது கிலோமீட்டர் வெற்றிடம் என்கிறது கருவி. கருவி பழுது என்று குறித்துக்கொள்கிறேன்.

பிற்பகல் 1.35 – குகை வாசல்

கரட்டடி ஊரிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் மூச்சிரைக்க ஓடிவந்தார். மகள் நாகஜோதிக்குப் பதினொரு வயது, மகன் காசிமாயனுக்கு எட்டு. விளையாடப் போனவர்கள் ஒரு மணிக்குக் கறிச்சோற்றுக்குத் திரும்பவில்லை.

குகை வாசலில் குங்குமம் பூசிய சாமிக்கல். அதன் பக்கத்தில் செருப்புகள். ஜோதியுடையது ஒரு ஜோடி, பையனுடையது ஒற்றை. வார் அறுந்த இன்னொன்றை அவன் காலையிலேயே புதரில் வீசிவிட்டானாம்.

தீயணைப்பு வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். டிரைவர் செல்லப்பாண்டியை வாக்கி-டாக்கியோடு வாசலில் நிறுத்திவிட்டு நான் உள்ளே போகிறேன். தரையெல்லாம் கூர்க்கல். பிள்ளைகள் வெறுங்காலோடு இருக்கிறார்களே என்று செருப்புகளைப் பையில் போட்டுக்கொண்டேன். சாமிக்கல்லுக்காக என் பூட்ஸைக் கழற்றவில்லை. அவிழ்த்து மறுபடி அதன் கயிற்றைக் கட்டவே பொழுது போய்விடும்.

2.05 – உள்ளே

கருவி பழுதில்லை.

கூரை தெரியவில்லை. வெளிச்சம் ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு மேட்டை நோக்கி ஓடுகிறது. காற்றடித்தால் மரத்து இலைகள் கொலுசு மாதிரி சத்தமிடுகின்றன. காளை மாட்டளவு அணில்கள் உலாவுகின்றன. ஒன்று என்னைப் பார்த்து, “பிள்ளைக அக்கரையில இருக்காக” என்றது. சித்தம் கலங்கவில்லை. நாடித்துடிப்பு எடுத்துப் பார்த்துவிட்டேன், 96.

அக்கரையில் அண்டாவளவு முட்டை ஒன்று பிளந்து கிடந்தது. ஈரம் காயாத நீலக் குஞ்சைத் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள் ஜோதி. எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அழகு.

ஒலிப்பதிவு 1, நாகஜோதி: “நாங்க ஞாயித்துக்கெழமையானா வருவோம் டீச்சர். இன்னைக்குக் குஞ்சு பொரியும்னு அணில் சொல்லுச்சு, அதான் லேட்டாயிருச்சு. கெளம்பிட்டுத்தான் இருந்தோம். அம்மா அடிக்குமா?”

நான் டீச்சர் இல்லை என்று திருத்தவில்லை. செருப்புகளைக் கொடுத்தேன். இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டுக்கொள்ளவில்லை.

2.50 – வாசல், உட்புறம்

வந்த வழியில் பாறை. சுத்தியலால் அடித்தேன். கெட்டிப் பாறை. செல்லப்பாண்டியின் குரல் எனக்குக் கேட்கிறது, என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. உள்ளே வர எதற்கும் தடையில்லை. வெளியே போகத்தான் முடியவில்லை.

ஒலிப்பதிவு 2, நாகஜோதி: “செருப்ப வெளிய விட்டுட்டு வந்தாத்தான் திரும்பிப் போக முடியும் டீச்சர். ஆத்தங்கரையில பழைய பூட்ஸ் ஒண்ணு கெடக்கே, அந்த ஆளு காலோட போட்டுக்கிட்டு வந்துட்டாராம், வெளிய போகவே முடியலையாம். அணில் சொல்லுச்சு.” (தன் செருப்பைத் தூக்கிக் காட்டி) “எங்க செருப்ப ஏன் டீச்சர் எடுத்தீங்க?”

பிள்ளைகள் தொலையவே இல்லை. ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். அவர்களைத் தொலைத்தது நான். காப்பாற்ற வந்தவள் என்ற நினைப்போடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து தொலைத்தேன்.

3.02

சோதனை. என் கை: பாறை. ஜோதியின் கை: பாறை. காசிமாயனின் கை: தோள் வரை உள்ளே போகிறது! அறுந்த செருப்பு வெளியே புதரில் கிடக்கிறதே. அவன் கையில் பிடித்த சுத்தியலும் போகிறது.

பையில் ஜோதியின் செருப்புகள், அவனுடைய ஒற்றை, என் பூட்ஸ் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். அவன் சட்டைப்பையில் ஒரு கடிதம் வைத்தேன்: “செருப்புகளை யாரும் தொடாதீர்கள்.” முதலில் செருப்புகளைக் கல்லருகே வை, பிறகு கடிதத்தை டிரைவர் மாமாவிடம் கொடு என்றேன். அக்காவை விட்டுப் போகமாட்டேன் என்று அழுதான். அவள்தான் பிடித்துத் தள்ளினாள்.

3.09 – வாக்கி-டாக்கி

செல்லப்பாண்டி: “மேடம்! சின்னவன் வந்துட்டான் மேடம்! வந்தவன் பேசாம செருப்ப எல்லாம் வரிசையா அடுக்குறான், உங்க பூட்ஸ் வேற. என்னடான்னு கேக்கறதுக்குள்ள அவங்கம்மா ரெண்டு அறை விட்டு, கட்டிப்பிடிச்சு அழுது, அவன் கத்தக் கத்தத் தூக்கிக்கிட்டு ஊருக்கு ஓடிருச்சு.”

கடிதம் அவன் சட்டைப்பையிலேயே போய்விட்டது. போகட்டும். செருப்புகள் வெளியே இருக்கின்றன, அது போதும்.

3.20

செருப்புகள் வெளியே இருக்க இருக்கப் பாறை மெல்ல இளகுகிறது. ஜோதியின் விரல்கள் பாறைக்குள் போய்விட்டன. எனக்கு நகம் மட்டும்.

3.27

ஜோதிக்கு முழங்கை வரை.

ஒலிப்பதிவு 3, நாகஜோதி: “வெளிய வெயிலடிக்குது டீச்சர். வெரல் சுடுது.” சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். வீட்டில் கறிச்சோறு ஆறியிருக்கும், பரவாயில்லை என்கிறாள்.

இன்னும் பத்து நிமிடம். கடவுளே, பத்தே நிமிடம்.

3.31 – வாக்கி-டாக்கி

செல்லப்பாண்டி: “மேடம், தீயணைப்பு ஆளுங்க ஒம்பது பேர் வந்துட்டாங்க. பயப்படாதீங்க, நானும் கூட வர்றேன். முள்ளு குத்துமேன்னு அவங்க குடுத்த பூட்ஸையே மாட்டிக்கிட்டேன், சாமி மன்னிச்சுக்கிரும். இங்கன இருந்த செருப்பு, உங்க பூட்ஸ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன். பாவம், பாப்பா வெறுங்காலோட எப்படி நடக்கும்?”

வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஜோதி வீல் என்று அலறிக் கையை உருவிக்கொண்டாள். விரல்கள் தப்பின. பாறை மறுபடி கெட்டிப் பாறையாகிவிட்டது.

3.40

வந்துவிட்டார்கள். பத்துப் பேர், பத்து ஜோடி பூட்ஸ். செல்லப்பாண்டி பூரிப்போடு செருப்புகளை ஜோதியின் காலடியில் வைத்தார். அவரை எப்படித் திட்டுவேன்? நான் செய்ததைத்தானே அவரும் செய்தார்.

வெளியே விஷயம் தெரிந்தவன் காசிமாயன் ஒருவன்தான்; மறுபடி வெறுங்காலோடு வந்து இவற்றை எடுத்துப்போக அவனால்தான் முடியும். அவனைப் பேச்சியம்மாள் இனி இந்தக் கரட்டுப் பக்கம் விடமாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் விடமாட்டேன்.

நேரம் தெரியவில்லை. கடிகாரம் நின்றுவிட்டது.

வாக்கி-டாக்கி பேட்டரியும் தீர்ந்தது. ஜோதி அம்மாவைக் கேட்டு அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீலக் குஞ்சு அவள் மடியில் தூங்குகிறது.

குறிப்பேட்டை வாசல் பக்கம் வைக்கிறேன். உள்ளே வருபவர் கையில்தான் இது கிடைக்கும். யாராக இருந்தாலும், இன்னும் ஓரடி எடுத்து வைக்கும் முன் ஒரு நிமிடம் நின்று உங்கள் காலைப் பாருங்கள்.