முழங்காலிட்ட இருநூறு பேர்

அன்புள்ள அத்தைக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

வேலை செய்யும் வீட்டில் இரண்டு நாள் லீவு. மாதா கோவிலுக்கு நடந்து போகிறவர்களின் கால் கொப்புளங்களுக்கு மருந்து போட வந்திருக்கிறேன். மருந்து போட்டுக்கொண்ட ஒரு அக்கா, "யாருக்கும்மா நான் வேண்டிக்கணும்?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு."

"உடம்பு முடியலையா?"

அவர் இறந்து ஏழு மாதம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன்.

"எல்லாரும் நில்லுங்கப்பா! இந்தப் பொண்ணு புருஷன் பிழைக்கணும்!" என்று சத்தம் போட்டார். புண்ணான கால்களோடு இருநூறு பேர் தார் ரோட்டில் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள், அத்தை!

அவர் சட்டை ஒன்று அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். அடுத்த கூட்டம் வந்துவிட்டது. நாளைக்கு நானும் கோவிலுக்குப் போய், வாசலில் அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். இன்று ஒரு நாள் உங்கள் மகன் பிழைக்கப்போகிறவராகவே இருக்கட்டும்.

உங்கள் மருமகள்