வைக்கோல் கன்று

மயிலாப்பூர்
12.8.1994

செல்ல மகளுக்கு,

மாப்பிள்ளையின் கடிதம் கோவையிலிருந்து நேற்று வந்தது. நீ இரண்டு வாய் சாப்பிடுகிறாய் என்று எழுதியிருந்தார்.

நம் வாசலில் பால் கறக்கும் சுலோச்சனாவின் கன்று போன வாரம் செத்துப்போயிற்று. அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தூக்கி வருகிறாள். பசு அதை நக்கிக்கொண்டே பாலை இறக்குகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

"டாக்டரம்மா பாத்தா என்னை உரிச்சிடும் சார். பால் எறங்க ஊசியும் போடாத, வைக்கோல் கன்னும் காட்டாதன்னு மாட்டுக் கொட்டா கொட்டாவா வந்து சொல்லிச்சே" என்றாள். பிறகு, "ஆமா, டாக்டரம்மாவுக்கு இன்னா கொயந்த சார்?" என்று கேட்டாள்.

பெண் என்றேன். அதில் பொய்யில்லை. யார் சாயல் என்றாள். உன் சாயல் என்றேன். அதிலும் பொய்யில்லை. வகுப்பில் பாதி விடை எழுதிய பையனுக்கு நான் பாதி மதிப்பெண்கூடத் தந்ததில்லை. அவளோ மகிழ்ந்துபோய், "பாயசம் வச்சி சாப்புடு சார்" என்று ஓர் ஆழாக்கு கூடுதலாக ஊற்றினாள். அம்மா அதைக் காய்ச்சாமல் மூடி வைத்திருக்கிறாள்.

குழந்தை தங்கவில்லை என்று நாளைக் காலை சுலோச்சனாவிடம் சொல்லிவிடுவேன். வைக்கோல் கன்றையும் இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்பேன். அப்படியானால் பசுவை என்ன செய்வது என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. அரசு கால்நடை மருந்தகத்தில் உன் நாற்காலிக்கு இன்னும் வேறு யாரும் வரவில்லை.

கன்றைப் பறிகொடுத்த பசுவை எப்படித் தேற்றுவது என்று நீதான் அவளுக்கு எழுத வேண்டும். எழுதுவாயா, அம்மா?

உன்
அப்பா